எனக்கு 45

தலைப்பைப் பார்த்துட்டு "இருபத்தொம்பதுன்னு சொல்லிட்டுத் திரிஞ்சியே, உண்மை வெளிய வந்துடுச்சா"ன்னு கேக்க வர்றவங்களுக்கு: வயசு இல்லைங்க. வயசு 29தான், நம்புங்க :-) இது வேற கணக்கு.

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலைகாட்டாததுக்கும் இந்தக் கணக்குதான் காரணம். எழுதலாமா வேண்டாமான்னு ரொம்ப யோசிச்சேன். கடைசியில வீட்டம்மாகிட்ட கேட்டேன். "எழுதுங்க. ஆனா மொக்கை போடாம எழுதுங்க"ன்னு உத்தரவாயிடுச்சு. முயற்சி பண்றேன்.

பத்தாவதுல எல்லாரும் படிச்சதுதான். 'மனிதனின் உடல் செல்லில் உள்ள குரோமோசோம்களின் எண்ணிக்கை' அப்படின்னு போட்டு ஒரு கோடு. 46. அதுக்கு அடுத்து இனச்செல்லுக்கு ஒரு கோடு. 23. எங்க சயின்ஸ் சார் "முழுசு நாப்பத்தாறு, பாதி இருபத்திமூணு, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லணும்டா"ன்னு பிரம்பை ஆட்டிக்கிட்டே சொல்லுவார். நானும் சொன்னேன். ரெண்டு மார்க் வாங்கினேன். பிளஸ் ஒன்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப், அப்புறம் இஞ்சினியரிங், அப்புறம் ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குள்ள வேலை. உயிரியலுக்கும் எனக்கும் இருந்த உறவு அந்த ரெண்டு மார்க்கோட முடிஞ்சுதுன்னு நினைச்சேன்.

கல்யாணமாகி மூணு வருஷம். முதல் தடவை ஒன்பதாவது வாரம் கலைஞ்சுது. "முதல் தடவை இப்படி ஆகுறது சகஜம்"னு எல்லாரும் சொன்னாங்க, நாங்களும் நம்பினோம். அடுத்த வருஷம் எட்டாவது வாரம். ஸ்கேன் பண்ற அம்மா திரையைப் பார்த்துட்டே இருந்தாங்க, ஒண்ணும் பேசல. சத்தம் வரவேண்டிய இடத்துல சத்தம் வரல. அதுக்கு மேல இதைப் பத்தி எழுதத் தெரியல.

இப்ப எங்கம்மாவைப் பத்திச் சொல்லணும். எங்கம்மா கெட்டவங்க இல்ல. ஒட்டன்சத்திரம் பக்கம் கிராமம், அப்பா போனப்புறம் தனியாளா நின்னு ஆறு ஏக்கரைப் பார்த்துக்கிறவங்க. ஆனா ஒவ்வொரு தடவை போன் பண்ணும்போதும் ஒரு கேள்வி இருக்கும். "அம்மணி பப்பாளி கிப்பாளி தின்னுச்சா?" "ஸ்கூட்டியில போக வேண்டாம்னு சொன்னேனே, கேட்டுச்சா?" "பூரா நேரமும் ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு கம்ப்யூட்டரைத் தட்டினா வயிறு சூடாகாம என்ன பண்ணும்?" (ஏசி ரூம்ல எப்படிம்மா சூடாகும்னு நான் கேக்கல.) ஒரு தடவை ஊருக்குப் போனப்ப, பக்கத்து வீட்டு அத்தைகிட்ட வாசல்ல நின்னு மெதுவான குரல்ல, "வயிறு தங்கற வயிறா இல்லைங்கக்கா"ன்னு சொன்னாங்க. மெதுவான குரல்தான். உள்ளே இவளுக்குக் கேட்டுச்சு. எனக்கும் கேட்டுச்சு. நான் டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வச்சேன்.

அதுதான் நான் செஞ்சது. டிவி சத்தத்தைக் கூட்டி வச்சது. இந்தப் பதிவு எழுத வந்ததே அந்த ஒரு வரிக்காகத்தான்.

ரெண்டாவது தடவைக்கப்புறம் வேற ஒரு டாக்டரம்மாகிட்ட போனோம். அவங்க எழுதிக் கொடுத்த டெஸ்ட்டுகள்ல ஒண்ணு கேரியோடைப்பிங், அதாவது குரோமோசோம்களை எண்ணிப் பார்க்கறது. "ரெண்டு பேரும் குடுக்கணும்"னாங்க. நான் அப்பாவியா "எனக்கும் எதுக்கு டாக்டர்?"னு கேட்டேன். அவங்க கண்ணாடிக்கு மேல என்னைப் பார்த்தாங்க. "பாதி உங்களுதுதானே?"

பச்சை மூடி போட்ட குழாயில ரத்தம் எடுத்தாங்க. ரிசல்ட் வர ரெண்டு வாரத்துக்கு மேல ஆகும்னாங்க. நமக்குத்தான் சும்மா இருக்க முடியாதே, அந்த ரெண்டு வாரமும் அந்த டெஸ்ட்டை எப்படிப் பண்றாங்கன்னு தேடித் தேடிப் படிச்சேன். படிச்சதுல என்னை உலுக்கினது ஒரு விஷயம்.

ரத்தத்துல இருக்கற சிவப்பணுவுல எண்ண ஒண்ணும் இல்ல. முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கருவே கிடையாது, அதனால குரோமோசோம் பூஜ்யம். வெள்ளணுதான் வேணும். ஆனா அது சும்மா கிடந்தா குரோமோசோம் கண்ணுக்குத் தெரியாது, நூல்கண்டு கலைஞ்ச மாதிரி கிடக்கும். செல் பிரியப் போற நேரத்துலதான் சுருண்டு தடிச்சு, குச்சி குச்சியாத் தெரியும். அதனால முதல்ல அதைப் பிரியச் சொல்லித் தூண்டிவிடணும். அதுக்குப் போடற சரக்கு எடுக்கறது நம்ம ராஜ்மா பயறுல இருந்து. மூணு நாள் சூட்டுல வச்சு வளர்த்து, சரியாப் பிரியப் போற நேரத்துல 'அப்படியே நில்லு'ன்னு நிறுத்தணும். குரோமோசோம்களை ரெண்டு பக்கமும் இழுத்துட்டுப் போற நுண்ணிய நூல்களை உருவாக விடாம தடுத்தா செல் அங்கேயே நின்னுடும். அப்படித் தடுக்கற மருந்துக்குப் பேரு கோல்ச்சிசின்.

கோல்ச்சிசின் எதுல இருக்கு தெரியுமா? கண்வலிக்கிழங்குல. செங்காந்தள்னு சொன்னா உங்களுக்குத் தெரியும், நம்ம மாநிலப் பூ. கோல்ச்சிசினை முதல்ல எடுத்தது ஐரோப்பாவுல இருக்கற இன்னொரு செடியில இருந்து. ஆனா காந்தள்லயும் அதே சரக்கு இருக்கு. அதுக்காகத்தான் ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கமெல்லாம் பந்தல் போட்டு இதை வளர்த்து விதையை வெளிநாட்டுக்கு அனுப்பறாங்க. எங்க ஆறு ஏக்கர்ல ரெண்டு ஏக்கர் கண்வலிக்கிழங்குதான். என் காலேஜ் பீஸ் கட்டினது அந்த விதை. "தொட்டா கையைக் கழுவுடா, விஷம்"னு சின்ன வயசுல முதுகுல அடி வாங்கினது அந்தக் கிழங்காலதான். பிரியற செல்லை நிறுத்தறதுதான் அந்த விஷத்தோட வேலையேன்னு 29 வயசுலதான் தெரிஞ்சுது.

இன்னொரு கதை. 46ங்கறதை சார் பிரம்போட சொல்லிக் கொடுத்தாரே, அது ஒண்ணும் ஆதிகாலத்து உண்மை இல்ல. 1923ல தியோஃபிலஸ் பெயின்ட்டர்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி மைக்ராஸ்கோப்ல எண்ணிட்டு 48னு சொன்னார். ஒண்ணு மேல ஒண்ணு குவிஞ்சு கிடக்கும், எண்ணறது லேசு இல்ல. அவருக்கப்புறம் எண்ணினவங்களுக்கும் பெரும்பாலும் 48தான் வந்துச்சு. புத்தகத்துல 48னு போட்டிருந்தா கண்ணுக்கும் 48தான் தெரியும்போல. 1955 டிசம்பர்ல ஸ்வீடன்ல லுண்ட் நகரத்துல ஜோ ஹின் ட்ஜியோங்கறவர், ஜாவாவுல பிறந்தவர், கோல்ச்சிசின் போட்டு செல்லை நிறுத்தி, உப்பு குறைஞ்ச கரைசல்ல ஊறவச்சு உப்ப வச்சு, குரோமோசோம்கள் தனித்தனியா விலகினதும் எண்ணினார். 46. திரும்ப எண்ணினார். 46. அவரும் ஆல்பர்ட் லெவானும் சேர்ந்து 1956ல அதை வெளியிட்டாங்க. 33 வருஷம் உலகமே ரெண்டு கூட எண்ணிட்டு இருந்திருக்கு. நம்ம கோடுல ஒண்ணு தப்பா எண்ணினதுக்கு மேனேஜர் எத்தனை மெயில் போட்டார்னு நினைச்சுக்கிட்டேன்.

இப்படி ஜாலியாப் படிச்சுட்டு இருந்தப்பதான் ரிப்போர்ட் வந்துச்சு.

இவளுக்கு 46. எக்ஸ்எக்ஸ். இயல்பு.

எனக்கு 45. எக்ஸ்ஒய். அதுக்குப் பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள 13, 14னு ரெண்டு எண்.

ஆபீஸ் கேன்டீன்ல உக்காந்து அந்த ரிப்போர்ட்டைப் பார்த்தேன். சத்தியமாச் சொல்றேன், முதல்ல தோணினது 'எண்ணினவன் தப்பா எண்ணிட்டான்'. 33 வருஷக் கதையைப் படிச்ச தைரியம்! அடுத்ததா தோணினது கோவேறு கழுதை. குதிரைக்கு 64, கழுதைக்கு 62. கோவேறு கழுதைக்கு அதுல பாதி 32, இதுல பாதி 31, மொத்தம் 63. அது குட்டி போடாதுன்னு ஊருக்கே தெரியும். ஒத்தைப்படை எண்ணை எப்படி சரிபாதியாப் பிரிக்கறது? 45ஐ ரெண்டால வகுத்தா இருபத்திரண்டரை. வாங்கி வச்ச பொங்கலை அப்படியே வச்சுட்டு எழுந்து வந்துட்டேன்.

சாயங்காலம் டாக்டரம்மாகிட்ட போனோம். நான் கோவேறு கழுதைன்னு ஆரம்பிச்சதும் அவங்க சிரிச்சுட்டாங்க. "உங்களுக்கு ஒண்ணும் குறையல. எண்ணிக்கையில ஒண்ணு கம்மி, சரக்குல கம்மி இல்ல"ன்னாங்க. மருந்துச் சீட்டுக்குப் பின்னாடி படம் போட்டு அரைமணி நேரம் விளக்கினாங்க. அதை எங்க ஊர்க் கணக்குல சொல்றேன்.

ஒரு மனுஷனுக்கு 46 காடு இருக்குன்னு வச்சுக்கங்க. (எங்க பக்கம் வயலைக் காடுன்னுதான் சொல்லுவோம்.) 23 அப்பன் வழி வந்தது, 23 ஆத்தா வழி வந்தது. ரெண்டு பக்கமும் 1ல இருந்து 23 வரைக்கும் நம்பர். இதுல ஒரு பக்கத்து 13ஆம் காட்டையும் 14ஆம் காட்டையும் பிரிச்சுட்டு இருந்த வரப்பை வெட்டிட்டு யாரோ ஒரே காடா ஆக்கிட்டாங்க. இப்ப எண்ணினா 45 காடு. ஆனா விளையற நிலம் ஒரு சென்ட் குறையல. போனது வரப்பு மட்டும்தான். நிஜத்துலயும் 13, 14ங்கற ரெண்டு குரோமோசோமுக்கும் ஒரு முனையில சின்னக் குட்டைக் கை ஒண்ணு உண்டு. சேரும்போது அந்தக் குட்டைக் கை ரெண்டும் போயிடும். அதுல இருக்கறதுக்கு வேற குரோமோசோம்கள்லயும் நகல் இருக்கறதால ஆளுக்கு ஒரு குறையும் வராது. 1916லயே ராபர்ட்சன்னு ஒருத்தர் வெட்டுக்கிளியில இந்த ஒட்டலைப் பார்த்திருக்கார், அதனால அவர் பேரைச் சொல்லித்தான் கூப்பிடறாங்க. ஆயிரம் பேருக்கு சுமார் ஒருத்தர்கிட்ட இது மாதிரி ஒட்டல் ஏதாவது ஒண்ணு இருக்கும். பெரும்பாலானவங்களுக்குச் சாகற வரைக்கும் தெரியவே தெரியாது.

நாம அனுபவிக்கற வரைக்கும் ஒரு தகராறும் இல்ல. உடல் செல் ரெண்டாப் பிரியும்போதும் இல்ல, 45ஐயும் நகல் எடுத்து ஆளுக்கு 45 கொடுத்துடும். தகராறு வர்றது பாகம் பிரிக்கும்போதுதான்.

இனச்செல்லுக்கு எதுக்குப் பாதி? பாதியாகலைன்னா என்னாகும்னு போட்டுப் பாருங்க. 46ம் 46ம் சேர்ந்து 92, அடுத்த தலைமுறை 184, பத்தாவது தலைமுறையில 47,104. அதனால எங்கயோ ஒரு இடத்துல பாதியாகியே தீரணும்னு 1887லயே ஆகஸ்ட் வைஸ்மன் கணிச்சுச் சொல்லிட்டார். ஒவ்வொரு ஜோடியிலும் ஒண்ணே ஒண்ணு, அப்பன் வழியோ ஆத்தா வழியோ, சீட்டுப் போட்ட மாதிரி. 23 ஜோடிக்கு ரெண்டின் அடுக்கு 23, அதாவது 83,88,608 விதமாப் பாகம் பிரியலாம்.

என் கேஸ்ல 13, 14 வர்ற இடத்துல பிரிக்க இருக்கறது மூணு உருப்படி: ஒரு கூட்டுக்காடு, தனி 13, தனி 14. மூணை ரெண்டு பங்காப் பிரிக்கணும். ஒரு பங்குக்குக் கூட்டுக்காடு, இன்னொரு பங்குக்குத் தனி 13ம் தனி 14ம் போனா ரெண்டும் நல்ல பங்கு. முதல் பங்குல பிறக்கற குழந்தை என்னை மாதிரி 45ஓட நல்லா இருக்கும். ரெண்டாவதுல 46ஓட நல்லா இருக்கும். கூட்டுக்காட்டோட தனி 13ம் போய், மறுபங்குக்கு 14 மட்டும் கிடைச்சா ரெண்டும் கோணல். கூட்டுக்காட்டோட 14 போனாலும் அதே கதை. ஆக மூணு விதமாப் பிரிக்கலாம், ஆறு பங்கு, நல்லது ரெண்டு, கோணல் நாலு.

கோணலான பங்கு இவளோட 23ஓட சேர்ந்தா, ஒண்ணு குறைஞ்சது தெரியறதுக்கு முன்னாடியே நின்னுடும். 14 ஒண்ணு கூடினது சில வாரத்துல கலையும். 13 கூடினது பெரும்பாலும் கலையும், அபூர்வமாப் பிறந்தா கடுமையான குறைகளோட பிறக்கும், பல குழந்தைங்க ஒரு வயசைத் தாண்டறதில்ல.

நாலுக்கு ரெண்டா, சரிதான் போன்னு நான் தலையைத் தொங்கப் போட்டேன். டாக்டரம்மா விடல. "காகிதத்துலதான் ஆறும் சமம். உடம்புல நல்ல விதமாப் பிரியறதுதான் பெரும்பாலும் நடக்கும், அதுவும் ஆண்கள்கிட்ட. இதே ஒட்டலோட ரெண்டு மூணு பிள்ளை பெத்தவங்க நிறைய"ன்னாங்க. நேர்மையா இன்னொண்ணும் சொன்னாங்க. கலைஞ்ச ரெண்டையும் அப்ப யாரும் டெஸ்ட் பண்ணல, அதனால ரெண்டும் இதனாலதான்னு சத்தியம் பண்ண முடியாது. ஆரம்ப வாரங்கள்ல கலையறதுல சுமார் பாதி குரோமோசோம் கணக்குப் பிசகினதுதான், ஒட்டலே இல்லாத தம்பதிகளுக்கும் அது நடக்கும்.

இவ்வளவு நேரமும் இவ ஒரு வார்த்தை பேசல. வெளிய வந்து ஆட்டோ ஏறினதும் என்னைப் பார்த்து ஒண்ணே ஒண்ணு கேட்டா.

"அப்ப நான் இல்லையா?"

கேட்டுட்டு அழுதா. கோபமா அழுதா எனக்குப் புரிஞ்சிருக்கும். அது கோபம் இல்ல. மூணு வருஷமா தலையில வச்சுட்டு நடந்த குடத்தை யாரோ இறக்கி வச்ச மாதிரி ஒரு அழுகை. பப்பாளி இல்ல. ஸ்கூட்டி இல்ல. அந்தக் குடத்தை நானும் ஒரு நாள் கூட 'இப்படிக் கொடு'ன்னு வாங்கலையேன்னு அப்பத்தான் உறைச்சுது. 'உன் தப்பு இல்ல'ன்னு நான் பலதடவை சொல்லியிருக்கேன். ஆனா எங்கம்மா முன்னாடி சொன்னதில்ல.

இனி அம்மாகிட்ட சொல்லணும்.

அங்கதான் என் வீரம் தெரிஞ்சுது. ஒரு வாரம் ரிலீஸ்னு சொன்னேன். அடுத்த வாரம் தலைவலி. "ஏன் வயசானவங்களைக் கஷ்டப்படுத்தணும், அவங்களுக்குப் புரியாது"ன்னு ஒரு தத்துவம் வேற. இவ ஒண்ணும் சொல்லல. ஞாயித்துக்கிழமை அம்மா போன் வந்தா மட்டும் எழுந்து மாடிக்குப் போயிடுவா. மூணாவது ஞாயிறு, அம்மா, "பழனிக்கு வேண்டிக்கிட்டிருக்கேன், அம்மணி மூணு செவ்வாய் விரதம் இருக்கட்டும்"னாங்க. இருக்க வேண்டியது யாருன்னு தெரிஞ்சுக்கிட்டே "சரிம்மா"ன்னேன். வச்சதும் என் மேலயே எனக்கு அருவருப்பா இருந்துச்சு. அன்னிக்கு ராத்திரியே பஸ் ஏறிட்டேன்.

விடிகாலையில ஊர்ல இறங்கினப்ப அம்மா வீட்ல இல்ல, காட்டுல இருந்தாங்க. ஐப்பசி மாசம், கண்வலிப் பூ பூத்துக் கிடந்துச்சு. நெருப்பு மாதிரி சிவப்பும் மஞ்சளும். பார்க்காதவங்களுக்குச் சொல்றேன், அந்தப் பூவுல சூல்தண்டு ஒரு பக்கமா மடங்கி மகரந்தத்தை விட்டு எட்டத் தள்ளி நிக்கும். தானாச் சேர்றது கஷ்டம். அதனால காலையில பொம்பளையாளுங்க பூப்பூவாப் போய், மகரந்தத்தைத் தொட்டு அந்த நுனியில கையாலயே வச்சு விடணும். அப்பத்தான் காய் நல்லாப் பிடிக்கும். அம்மாவுக்கு அந்த வேலையில நாப்பது வருஷப் பழக்கம். பாதியும் பாதியும் சேர்ந்தாத்தான் காய்னு எங்க சயின்ஸ் சாரை விட எங்கம்மாவுக்கு நல்லாத் தெரியும். அவங்களுக்குப் புரியாதுன்னு நான் சொன்னேன் பாருங்க!

நானும் கூட நின்னு நாலு பூவுக்கு வச்சு விட்டேன். அப்புறம் காட்டுக் கணக்கைச் சொன்னேன். 46 காடு, வெட்டின வரப்பு, பாகம் பிரிக்கறது எல்லாம். பெரியப்பாகூட பாகம் பிரிச்சப்ப பட்ட பாடு அம்மாவுக்கு மறக்குமா, உடனே பிடிச்சுக்கிட்டாங்க. கடைசியா, "அது அவளுக்கு இல்லம்மா. எனக்கு. காய் பிடிக்காதது அந்தப் பூவால இல்ல, இந்த மகரந்தத்தாலயா இருக்கலாம்"னேன்.

அம்மா கை நிக்கல. அந்தச் சாலு முடியற வரைக்கும் ஒவ்வொரு பூவாத் தொட்டு வச்சுக்கிட்டே போனாங்க. வரப்பு வந்ததும் உக்காந்தாங்க.

"உனக்கு முன்னால எனக்கு ரெண்டு போச்சு கண்ணு"ன்னாங்க.

எனக்குத் தெரியாது. 29 வருஷத்துல ஒருத்தரும் சொன்னதில்ல. "உங்கப்பத்தா என்னை ரெண்டு வருஷம் ஒரு வளைகாப்புக்கு, ஒரு சீருக்குக் கூட்டிட்டுப் போகல. தங்காத வயிறுன்னு சொல்லுச்சு. உங்கப்பா கேட்டுக்கிட்டு இருந்தாரு."

பக்கத்து வீட்டு அத்தைகிட்ட அம்மா சொன்ன வார்த்தை எங்கிருந்து வந்துச்சுன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. டிவி இல்லாத காலம், அப்பா எந்தச் சத்தத்தைக் கூட்டி வச்சாரோ.

இந்த ஒட்டல் பெரும்பாலும் அப்பா அம்மா யார்கிட்ட இருந்தாவதுதான் வரும், அபூர்வமாத்தான் புதுசா உண்டாகும். அதையும் சொன்னேன். வேணும்னா ரத்தம் கொடுத்துப் பார்க்கலாம்மான்னு கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் மண்ணைக் கிளறிட்டு இருந்தாங்க.

"எதுக்குடா? என்னுதுன்னு வந்தா உங்கப்பத்தா சொன்னது சரின்னு ஆயிடும். உங்கப்பாவுதுன்னு ஆச்சுன்னா, போய்க் கேக்க அந்த மனுசன் இல்ல. வேண்டாம் போ."

நான் அதுக்கு மேல கேக்கல. அதுக்குப் பதில் எந்த ஆய்வகத்துலயும் கிடையாது. தங்கச்சிக்குக் கல்யாணப் பேச்சு நடக்குது, அவளும் டெஸ்ட் பண்ணிக்கறது நல்லதுன்னு மட்டும் சொன்னேன். "அதை நான் சொல்லிக்கறேன். அவகிட்ட யாரும் எதையும் மறைக்க வேண்டாம்"னாங்க.

அம்மாவுக்கு இன்னொரு சங்கதியும் சொன்னேன். பெண் குழந்தைக்குக் கருமுட்டையெல்லாம் அவ தன் ஆத்தா வயித்துல இருக்கும்போதே உருவாகி, பாதியாகற வேலையையும் ஆரம்பிச்சு, நடுவுல நிறுத்தி வச்சுக் காத்துக்கிட்டு இருக்கும். அப்படின்னா என்னோட பாதி, எங்கம்மா பிறக்கறதுக்கு முன்னாடியே, எங்க அம்மாயி வயித்துல இருந்திருக்கு. அம்மா, "எங்கம்மா என்னை வயித்துல வச்சுக்கிட்டு களை வெட்டப் போச்சாம். அப்ப நீயும் களை வெட்டியிருக்கே"ன்னு சிரிச்சாங்க. அன்னிக்கு சிரிச்சது அது ஒண்ணுதான்.

சாயங்காலம் அம்மா என் போனை வாங்கி அவங்களே இவளுக்குப் பேசினாங்க. நான் திண்ணையில இருந்து எழுந்து தள்ளிப் போயிட்டேன். என்ன பேசினாங்கன்னு அப்புறம் இவகிட்ட கேட்டேன். "சாப்பிட்டியான்னு கேட்டாங்க. சாப்பிட்டேன் அத்தைன்னேன். அப்புறம் ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல. ஆனா அத்தை வைக்கவும் இல்ல. நானும் வைக்கல"ன்னா. போன்ல பார்த்தேன், பதினோரு நிமிஷம்.

விரதப் பேச்சு அதுக்கப்புறம் எழல. பப்பாளியும்.

இப்ப எங்க முன்னாடி ரெண்டு வழி இருக்கு. இயல்பா முயற்சி பண்ணி, தங்கினா மூணாவது மாசம் நஞ்சுப்பை திசுவையோ, நாலு மாசத்துக்கு மேல பனிக்குட நீரையோ எடுத்துச் சோதிக்கறது ஒண்ணு. சோதனைக்குழாய் முறையில கருவை உருவாக்கி, கணக்கு சரியா இருக்கறதைப் பார்த்து வைக்கறது இன்னொண்ணு. ரெண்டாவதுக்குச் செலவு ஜாஸ்தி. முதல் வழியில இன்னொரு தடவை போய்ப் பார்ப்போம்னு இவ சொல்லியிருக்கா. முடிவு இவளுது. பயம் ரெண்டு பேருக்கும் இருக்கு.

எண்ணிக்கையில பெருமையோ சிறுமையோ ஒண்ணும் இல்லைன்னு இப்ப எனக்கு மனசாரத் தெரியும். உருளைக்கிழங்குக்கு 48. நெல்லுக்கு 24. நம்ம காட்டுல திரியற கேளையாட்டுக்குப் பெண்ணுக்கு 6, ஆணுக்கு 7, அதுவும் துள்ளிக்கிட்டுத்தான் திரியுது. மங்கோலியாக் காட்டுக்குதிரைக்கு 66, வீட்டுக் குதிரைக்கு 64, ரெண்டும் சேர்ந்து பிறக்கற குட்டிக்கு 65. ஒத்தைப்படைதான், ஆனா கோவேறு கழுதை மாதிரி இல்ல, அது குட்டி போடும். இன்னொண்ணு, சிம்பன்சி, கொரில்லாவுக்கெல்லாம் 48. நமக்கு 46 ஆனதே ரெண்டு குரோமோசோம் ஒட்டிக்கிட்டதாலதான், நம்ம எல்லாருக்கும் இருக்கற ரெண்டாம் நம்பர் குரோமோசோம் அந்த ஒட்டல். அப்ப எப்பவோ ஒரு காலத்துல 48 பேர்வழிகளுக்கு நடுவுல ஒத்தை ஆளா 47ஓட ஒருத்தர் இருந்திருக்கணும். அவரோ அவளோ பிள்ளை பெத்ததாலதான் நீங்க இதைப் படிக்கறீங்க, நான் எழுதறேன்.

கடைசியா ஒண்ணு, இதைப் படிக்கற ஆண்களுக்கு மட்டும். ரெண்டு தடவை கலைஞ்சுதுன்னா டாக்டர்கிட்ட நீங்களும் கையை நீட்டுங்க. ரிப்போர்ட் எப்படி வந்தாலும் சரி. அதுக்கு முன்னாடி, வாசல்ல யாராவது மெதுவான குரல்ல பேசினா, எழுந்து வெளிய போங்க. டிவி சத்தத்தைக் கூட்டாதீங்க.